நின்றபடியே கவிதை கேட்டவர்

கவிதையை உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்று எங்கும் சட்டமில்லை. ஆனால் எட்டுப் பேர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் அறையில் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தால் வாசிக்கிறவனுக்குக் கொஞ்சம் உதறத்தான் செய்யும். எங்கள் சங்கத்தில் அவர் அப்படித்தான் நிற்பார். காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, கக்கத்தில் தொப்பி. இடது கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும். கால்கள் சற்று அகன்றிருக்கும். அந்தப் பலகை மாடி என்னவோ தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி உடம்பு மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும்.

அவர் டிராம் கண்டக்டர். பினாங்கில், ஜெட்டி என்கிற படகுத்துறையிலிருந்து ஆயர் ஈத்தாம் வரைக்கும் போய் வருகிற வண்டியில் வேலை. எத்தனையோ வருஷமாக நின்றே பிழைத்தவர். பாயைக் காட்டி உட்காரச் சொன்னால், "உக்காந்தா தூக்கம் வருது தம்பி. நின்னாத்தான் காதுல ஏறுது" என்று சொல்லிவிடுவார். ஒருநாள் வற்புறுத்தி உட்கார வைத்துப் பார்த்தோம். சொன்னபடியே இரண்டாவது பாட்டில் குறட்டை விட்டார். அதற்குப் பிறகு யாரும் அவரை உபசரிக்கவில்லை.

அவர் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. மறந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சங்கத்து வருகைப் புத்தகத்திலேயே அவர் பெயர் எழுதியது கிடையாது, சட்டையில் குத்தியிருந்த நம்பரைத்தான் எழுதுவார். காரியதரிசி என்ற முறையில் நான் கண்டித்தேன். "புகார் எழுதிப் போடறவங்களே நம்பரைத்தான் எழுதறாங்க. நல்லது எழுதற நீங்க எதுக்குப் பேரைக் கேக்கறீங்க?" என்றார். நம்பரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சங்கம் என்று சொல்கிறேனே தவிர, பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. பள்ளிவாசல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அரிசி முதலாளி ஒருவருடைய கிட்டங்கி இருந்தது. அதன் மேல்மாடியை எங்களுக்குச் சும்மா விட்டிருந்தார். கீழே மூட்டை, மேலே கவிதை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் கூடுவோம். ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும். தனக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும், தான் எழுதியதாக இருக்கக் கூடாது. பாட்டு, கும்மி, படம், பொம்மை, எதுவானாலும் சரி. சொந்தச் சரக்குக்கு மாதக் கடைசி ஞாயிறு மட்டும்.

இந்த விதிகளை எழுதியவன் நான். கப்பல் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்க்கிறவனுக்கு விதி எழுதுவது என்றால் சோறே வேண்டாம். ஆனால் அந்தக் கடைசி விதி மட்டும் இல்லாமல் போயிருந்தால் வாராவாரம் ஒருவர் கவிதையை மற்றவர் தலையில் கட்டி, மூன்றே மாதத்தில் சங்கம் சண்டையில் கலைந்திருக்கும்.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்த கதையும் டிராமில் நடந்ததுதான். எங்கள் சங்கத்துத் தமிழ் வாத்தியாரும் நானும் ஒருநாள் வண்டியில் ஒரு பழம்பாட்டைப் பற்றி வழக்காடிக்கொண்டு போனோம். டிக்கெட் கிழிக்க வந்தவர் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். சில்லறை பாக்கி என்று நினைத்து நான் பையைத் தடவினேன். "அது இல்லே தம்பி. அந்த ரெண்டாவது வரிய இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். வாத்தியார் சொன்னார். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதற்குள் இறங்க வேண்டிய மூன்று பேர் இறங்காமல் தாண்டிப் போய்விட்டார்கள். அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு மாடிப்படியில் அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டது.

அன்று மாதக் கடைசி ஞாயிறு. வாத்தியார் சூரியோதயத்தைப் பற்றித் தாம் எழுதிய கவிதையை எடுத்தார். மூன்றாவது வரியில் இருக்கும்போது புதியவருடைய வலது கை தலைக்கு மேலே போயிற்று. அங்கே இல்லாத எதையோ பிடித்தது. ஒரே இழுப்பு. வாத்தியார் சட்டென்று வாசிப்பை நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் இவர்.

"நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க?"

"நான் வாயே தெறக்கலையே."

"கையைத் தூக்கினீங்களே."

அவர் அண்ணாந்து தன் கையைப் பார்த்தார். அது இன்னும் மேலேயே இருந்தது. வண்டியில் யாரோ விட்டுப்போன குடையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு மெதுவாக இறக்கினார்.

டிராமில் ஏறினவர்களுக்குத் தெரியும். கூரையடியில் ஒரு கயிறு முன்னாலிருந்து பின்வரைக்கும் ஓடும். கண்டக்டர் ஒருமுறை இழுத்து ஒரு மணி அடித்தால் டிரைவர் வண்டியை நிறுத்த வேண்டும். இரண்டு மணி அடித்தால் போகலாம். நாள் முழுக்க அதை இழுத்து இழுத்து, அவர் கைக்குத் தனியாக ஒரு புத்தி முளைத்துவிட்டது. பிடிக்காத வரி காதில் விழுந்தால் கை ஒருமுறை இழுக்கும். பிடித்த வரி விழுந்தால் இரண்டு முறை. வாய் மரியாதையாக "நல்லாருக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை மேலே போய் மானத்தை வாங்கிவிடும். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதுதான் அதிகமாக வலித்தது.

பெரும்பாலான கவிதைகளுக்கு அந்தக் கை அசைவதே இல்லை. ஒற்றையும் இல்லை, இரட்டையும் இல்லை. சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். என் கவிதைகள் அத்தனையும் அந்தப் பெரும்பாலானவற்றைச் சேர்ந்தவை. ஒற்றை வாங்கினவர்களாவது கோபித்துக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பாக்கியமும் கிடைக்கவில்லை. மாதக் கடைசி ஞாயிறு வந்தால் நான் காகிதத்தைப் பார்த்து வாசிப்பதாகப் பாவனை செய்துகொண்டு, ஓரக்கண்ணால் அந்தக் கையையே பார்ப்பேன். ஆபீசில் சம்பள உயர்வுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

விமரிசனம் சொல்லும்படி கேட்டால் அவருக்குத் தெரிந்த பாஷையில்தான் சொல்வார். வாத்தியார் எந்தப் பாட்டுக்கும் நாலு பாட்டு முன்னுரை பாடாமல் உள்ளே போகமாட்டார். அவையடக்கம், குருவணக்கம், காற்று, நிலா எல்லாம் முடிந்துதான் விஷயம் வரும். ஒருநாள் இவர் தாங்கமாட்டாமல், "வாத்தியாரய்யா, படியிலேயே நிக்கறீங்களே. உள்ளே நகருங்க. பின்னாடி ஆளு ஏறணும்ல" என்றார். வாத்தியார் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் முன்னுரை இல்லாமல் ஒரு பாட்டு கொண்டுவந்தார். இரட்டை இழுப்பு கிடைத்தது. வாத்தியார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வேர்க்கவே இல்லை.

பிடித்ததைக் கொண்டுவர வேண்டும் என்ற விதிப்படி அவர் கொண்டுவந்தவை இன்னொரு வேடிக்கை. எங்களைப் போல ஏட்டிலிருந்து கொண்டுவரமாட்டார். எல்லாம் வண்டியில் பொறுக்கியவை. ஆயர் ஈத்தாம் பாசாரில் மரவள்ளிக்கிழங்கு விற்கிற ஒருவன் கூவுவதை அப்படியே கூவிக் காட்டினார். கீழே கிட்டங்கியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஆட்கள் கிழங்கு வாங்க மேலே வந்துவிட்டார்கள். ஒருமுறை சீனக்கோயில் திருவிழாவில் வாங்கிய காகிதக் குதிரையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். ஒரு மணி நேரம் அதைச் சும்மா பார்க்கச் சொன்னார். நாங்களும் பார்த்தோம்.

இன்னொரு ஞாயிறு தன் வண்டி ஓட்டுகிற மலாய்க்காரரிடம் கேட்டு வந்த நாலு வரியைச் சொன்னார். முதல் இரண்டு வரி வாழைப்பழத்தைப் பற்றி. அடுத்த இரண்டு வரி மாமியாரைப் பற்றி. மலாய்க்காரர்கள் பந்துன் என்று சொல்கிற பாட்டு அப்படித்தான் போகும். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"வாழைப்பழத்துக்கும் மாமியாருக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"வாழைப்பழம் போற வழி. மாமியாருதான் ஊரு. ஊருக்குப் போகணும்னா வழியிலே நாலு மரத்தைப் பாத்துக்கிட்டுத்தானே போகணும்?"

வாத்தியார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அந்த நாலு வரியை எழுதி எடுத்துக்கொண்டார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த சங்கத்துக்கு முதலாளி வடிவில் சோதனை வந்தது. முதலாளி நல்ல மனுஷர். இளவயதில் வெறுங்கையோடு கப்பலேறி வந்து, ஜெட்டியில் மூட்டை தூக்கி, பிறகு மூட்டை தூக்குகிறவர்களுக்கு முதலாளியானவர். எங்கள் கூட்டத்துக்கு வந்து ஓரமாக உட்காருவார். தேத்தண்ணீர் வரவழைத்துத் தருவார். ஆறேழு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தவருக்கு மெதுவாகக் கவிதை ஜுரம் தொற்றிக்கொண்டது. ஒருநாள், "ஈப்போவிலே எனக்கொரு கூட்டாளி இருக்கான். அவன் எழுதினது. எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். காகிதம் கிட்டங்கியின் சரக்குச் சீட்டு. கையெழுத்து முதலாளியுடையது. ஈப்போ கூட்டாளி யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை.

"சந்திர வட்டமே, தங்கத் தாம்பாளமே" என்று ஆரம்பித்தார். கை மேலே போயிற்று. ஒன்று.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் ஈப்போ கூட்டாளி தாமரையைப் பற்றி எழுதியிருந்தார். மறுபடி ஒன்று. அன்று கூட்டம் முடிந்து படியிறங்கும்போது முதலாளி மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பர்மா அரிசி வந்தா மூட்டை அடுக்க இடம் பத்தாது போலிருக்கே" என்றார்.

மாடியைத் திருப்பிக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டோம். இந்த மாடி போனால் போவதற்கு வேறு இடம் கிடையாது. அதோடு சங்கம் நடத்திவந்த கையெழுத்துப் பத்திரிகையை அச்சடித்துத் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அதுவும் போய்விடும். முதலாளி வாசிக்கும்போது அந்தக் கையை எப்படியாவது அடக்குவது என்று தீர்மானித்தோம். முதலில் தேத்தண்ணீர்க் குவளையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னோம். குவளையோடு கை மேலே போயிற்று. வாத்தியாருடைய வெள்ளைச் சட்டை அதற்குச் சாட்சி. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னோம். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி இறங்கின. அதைப் பார்க்க இன்னும் மோசமாக இருந்தது.

அவரும் மனசார முயற்சி பண்ணினார், பாவம். "வீட்டுல பயிற்சி எடுக்கறேன் தம்பி. என் சம்சாரத்தை மோசமா ஒரு வரி சொல்லச் சொல்லிட்டு, கையைப் பிடிச்சிக்கிட்டே நிக்கறேன். கை கேக்கமாட்டேங்குது. அவளும் மோசமா சொல்லி அலுத்துப் போயிட்டா" என்றார்.

சங்கத்தின் முதலாம் ஆண்டு நிறைவு வந்தது. அன்றைக்கு முதலாளி, ஈப்போக்காரரை ஒதுக்கிவிட்டுத் தன் பெயரிலேயே ஒரு கவிதை வாசிப்பதாக அறிவித்தார். பதினாறு வரி. வியாபாரக் கூட்டாளிகள் இரண்டு பேரையும் அழைத்திருந்தார். கூட்டத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை சாயங்காலம் நான் ஜெட்டியில் அவர் வண்டியில் ஏறினேன். சங்கத்தில் யாரிடமும் கேட்கவில்லை. காரியதரிசி நான், முடிவும் நானே எடுத்தேன்.

"அண்ணே, நாளைக்கு ஒருநாள் நீங்க வராம இருந்தா நல்லாருக்கும்."

டிக்கெட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "கையைப் பைக்குள்ள விட்டுக்கிட்டு நிக்கறேனே தம்பி."

"அதையும் பாத்தாச்சே அண்ணே. பையே கிழிஞ்சிருச்சே."

சிரித்தார். கொஞ்சதூரம் போனபிறகு, "சரிலா. நம்ம மாடி போயிடக் கூடாது. நாளைக்கு வேற ஒருத்தருக்கு டூட்டி, அவருகிட்ட நான் மாத்திக்கறேன். வீட்டுல இருந்தா காலு அங்கே வந்துரும்" என்றார். பிறகு என் பக்கம் குனிந்தார். "ஒண்ணே ஒண்ணு. என்னென்ன வாசிச்சாங்கன்னு திங்கக்கிழமை எனக்கு ஒண்ணுவிடாம சொல்லணும்."

எனக்கு ஏதோ போல் ஆகிவிட்டது. வாரம் ஆறுநாள் "உள்ளே நகருங்க, உள்ளே நகருங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிற மனுஷருக்கு ஒரு நாள் ஒரு மத்தியானம் காதுக்கு இதமாக ஏதாவது கிடைக்கிறது. அதை நான் பிடுங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. ஏனென்றால் அச்சில் வரப்போகிற பத்திரிகையின் முதல் பக்கத்தில் என் கடல் கவிதை வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசையைப் பற்றி அவரிடம் நான் மூச்சுவிடவில்லை.

ஞாயிறு மத்தியானம் மாடி நிறைந்திருந்தது. முதலாளி பட்டுச் சட்டை போட்டு, அத்தர் பூசி வந்திருந்தார். காகிதத்தை விரித்தார். தொண்டையைச் செருமினார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அவரு எங்கே?"

"அவருக்கு இன்னைக்கு டூட்டி முதலாளி" என்றேன் நான்.

"டூட்டியா? இன்னைக்கா?" முதலாளி காகிதத்தை இறக்கினார். "நான் யாருக்காக எழுதினேன்னு நெனச்சீங்க? உங்களுக்கா? நீங்கதான் நான் தும்முனாக்கூட ஆகாங்கறீங்களே. ரெண்டு மாசமா ராத்திரி தூக்கமில்லாம அந்த மனுசன் கை ரெண்டு தடவை அசையணும்னு எழுதியிருக்கேன். அவரு இல்லாம யாருகிட்ட வாசிக்கறது?"

"மாடி வேணும், மூட்டை அடுக்கணும்னு சொன்னீங்களே முதலாளி" என்றார் வாத்தியார் மெல்ல.

"பர்மா அரிசி வந்தா இடம் வேணும்தானே. வந்துச்சு. பக்கத்துக் கிட்டங்கியிலே அடுக்கியாச்சு. அதுக்கும் இதுக்கும் என்னய்யா?" என்றார் முதலாளி. பிறகு குடையை எடுத்தார். "எழுந்திரிங்க. வண்டி எப்போ?"

ஆக, பினாங்கு நகரத்து வரலாற்றில் ஓர் இலக்கியச் சங்கம் முழுசாக டிராமில் ஏறியது அன்றுதான் என்று நினைக்கிறேன். ஜெட்டியில் அவருடைய மூன்றேகால் வண்டி. எல்லோருக்கும் முதலாளியே டிக்கெட் எடுத்தார். எங்களைப் பார்த்ததும் கண்டக்டருக்கு முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்ததும் கவலை வந்தது. "என்ன தம்பி, எல்லாரும் எங்கே போறீங்க?" என்றார். நான் முதலாளியைக் காட்டினேன். முதலாளி அதற்குள் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டிச் சத்தத்துக்கு மேலே குரலெடுத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். மாடியில் அவர் தலைக்கு மேலே கயிறு கிடையாது. இங்கே இருந்தது.

முதல் வரியில் நிலா வந்தது. மணி அடித்தது. வண்டி நடுத்தெருவில் நின்றது. கண்டக்டர் தன் கையைப் பார்த்துத் திடுக்கிட்டார். சட்டென்று இரண்டு மணி கொடுத்து வண்டியைக் கிளப்பினார். "மன்னிச்சுக்குங்க முதலாளி." முதலாளி தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். தென்றல் வந்தது. வண்டி நின்றது. மூன்றாவது வரி ஓடியது. நாலாவது வரியில், ஜெயிலுக்குப் போகிற தெருமுனையில், மறுபடி நின்றது. மலாய்க்கார டிரைவர் இறங்கியே வந்துவிட்டார். ஸ்டாப்பே இல்லாத இடத்தில் எத்தனை தடவை நிறுத்துவது, இங்கே யார் இறங்குகிறார்கள் என்று மலாயில் கேட்டார்.

முதலாளி காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தார். "இந்த வரி இறங்குது, அண்ணே" என்றார் டிரைவரிடம் மலாயில்.

அப்படியே ஒவ்வொரு வரியாக வழிநெடுக இறங்கிக்கொண்டு போயிற்று. டத்தோ கிராமாட் ரோட்டில் இரண்டு வரி. பாலத்துக்குப் பக்கத்தில் மூன்று. மடியில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பெண்மணி, ஒவ்வொரு தடவை வண்டி நிற்கும்போதும் இறங்க எழுந்து, பிறகு உட்கார்ந்து, கடைசியில் முதலாளியையே முறைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். வியாபாரக் கூட்டாளிகள் இரண்டு பேரும் தெருவைப் பார்ப்பது போலிருந்தார்கள். முதலாளிக்கு நெற்றியில் வேர்வை. ஆனால் அவர் குரல் இறங்கவில்லை. பதினோராவது வரி வந்தது.

"மூட்டை சுமந்த முதுகு இன்னும் கூசுது,
பட்டுச் சட்டை படும்போதெல்லாம்."

கை மேலே போயிற்று. இரண்டு மணி.

வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடுகிற வண்டிக்கு இரட்டை மணி கேட்ட டிரைவர், ஏதோ அவசரம் என்று நினைத்துக்கொண்டார். கைப்பிடியைத் திருகியதும் டிராம் பிய்த்துக்கொண்டு ஓடியது. கோழிக்காரப் பெண்மணி இறங்க வேண்டிய இடம் பின்னால் போயிற்று. அவள் போட்ட சத்தத்தில் கோழிகளும் சேர்ந்துகொண்டன. முதலாளி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அடிச்சாரா? ரெண்டு அடிச்சாரா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. மூட்டை தூக்கிய காலத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசமாட்டார் என்று எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆயர் ஈத்தாமில் வண்டி நின்றது. மற்ற வரிகளையெல்லாம் முதலாளியே அடித்துவிட்டார்; பதினாறில் அந்த இரண்டு வரிதான் மிச்சம். முதலாளிக்கு அதுவே போதும் என்றிருந்தது. கோழிக்காரப் பெண்மணிக்கு ரிக்ஷா பேசி அனுப்பினார். பிறகு கண்டக்டரிடம் திரும்பினார்.

"நீங்க ஏன் வரலே இன்னைக்கு? உங்களை வரவேணாம்னு எவன் சொன்னான்?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். கண்டக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"யாரும் சொல்லலே முதலாளி. இன்னைக்கு டூட்டிக்கு வர வேண்டியவருக்குக் காய்ச்சல். நானாத்தான் மாத்திக்கிட்டேன்."

பச்சைப் பொய். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அந்தக் கைகூட டிக்கெட் பையின்மேல் அசையாமல் இருந்தது. மாடி போய்விடும் என்று நாங்கள் கெஞ்சியபோது ஒரு வரிக்குப் பொய் சொல்ல வராத மனுஷர், எனக்காக அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

முதலாளி உற்சாகத்தில் இருந்தார். "பத்திரிகைக்கு என் ரெண்டு வரி போதும். அது உள்ளே எங்கயாவது கெடக்கட்டும். முதல் பக்கத்துக்கு வேற ஆளு வேணும். யாரு இவருகிட்ட ரெட்டை மணி வாங்கறாங்களோ அவங்களுக்கு. கிராணி, நீ வாசி."

வண்டி திரும்பிப் போக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் எழுந்து நின்றேன். கடல் கவிதை எனக்கு மனப்பாடம். எட்டு வரி. "நீலக் கடலே, என் நெஞ்சின் நிலைக்கண்ணாடி" என்று தொடங்கினேன். கண்டக்டர் பின்வாசலில், வழக்கம்போல் நின்றபடி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கை கயிற்றின்மேல் இருந்தது. முதல் வரிக்கு அசையவில்லை. நாலாவது வரிக்கு அசையவில்லை. ஏழாவது வரிக்கும் அசையவில்லை. எட்டாவது வரியை முடித்துவிட்டு நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

இரண்டு மணி அடித்தது. வண்டி குலுங்கிக் கிளம்பியது.

எல்லோரும் கை தட்டினார்கள். வாத்தியார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "முதல் பக்கம் கிராணிக்கு" என்றார் முதலாளி. எனக்குத் தரையில் கால் படவில்லை. மாதக்கணக்காக ஓரக்கண்ணால் பார்த்துக் காத்திருந்தது, அதுவும் நிஜமான மணியாகவே கிடைத்துவிட்டது. வழியில் கடந்துபோன ரப்பர் மரங்கள்கூட என்னைப் பாராட்டுவது போலத்தான் இருந்தது.

சற்றுநேரம் கழித்து அவர் டிக்கெட் கிழிக்க என்னிடம் வந்தார். மற்றவர்கள் முன்னால் பேச்சும் சிரிப்புமாக இருந்தார்கள். எனக்குப் பேராசை. அவர் வாயாலும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"எந்த வரிண்ணே உங்களுக்குப் பிடிச்சது?" என்றேன் மெதுவாக.

அவர் என்னையே பார்த்தார். சொல்ல மனமில்லை என்பது தெரிந்தது. முன்பக்கம் திரும்பி மற்றவர்களுக்குக் கேட்காதபடி பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, என் காதருகே, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

"இது நாலு மணி வண்டி தம்பி. கெளம்ப நேரமாயிடுச்சு."

பத்திரிகையின் முதல் பக்கத்தில் என் கடல் கவிதைதான் வந்தது. அந்த மணியைப் பற்றி அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.